வெல்டிங் புகையும் மாங்கனீசும்: வேலூர், ராணிப்பேட்டை வெல்டர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் ராடு வைத்தால் அன்று ராத்திரி குளிர்க் காய்ச்சல் வரும் என்பது பட்டறைக்குப் புதிதாக வந்த ஹெல்பருக்கும் தெரியும். துத்தநாகப் பூச்சு எரிந்து எழும் வெள்ளைப் புகை சில மணி நேரத்தில் உடம்பை முறுக்கிப் போட்டுவிட்டு, ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். உடனே அடிப்பதால் அதன்மேல் எல்லோருக்கும் பயம். சாதாரண எம்.எஸ். இரும்பில் 6013 ராடு ஓட்டும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். அதனால் அந்தப் புகையை யாரும் பொருட்படுத்துவதில்லை. மாங்கனீசு இருப்பது அதில்தான். உள்ளே போவது தெரியாது. வருடங்கள் கழித்து நடையிலும் பேச்சிலும் கோபத்திலும் கையெழுத்திலும் தலைகாட்டும்.

காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு சாலை ஓரங்களில் கேட்-கிரில் போடும் இரண்டு ஆள் பட்டறைகள், ராணிப்பேட்டை சிப்காட் யூனிட்டுகள், அங்குள்ள பெல் கொதிகலன் துணைக்கருவி ஆலைக்கு டக்டும் பேனலும் செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள், தோல் தொழிற்சாலைகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள், கல் கிரஷர்களில் கல்லை நொறுக்கும் ஜா பிளேட்டுக்கு மெட்டல் ஏற்றுகிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவராவது இருப்பார். சின்னப் பட்டறையில் ஓனரே வெல்டர், வெல்டரே பாதுகாப்பு அதிகாரி. ஆகவே செலவு குறைந்த வழிகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மாங்கனீசு மூளைக்குப் போகும் வழி

மாங்கனீசு உடம்புக்குக் கொஞ்சம் தேவையான தாது. டீயில், தானியத்தில், பருப்பில், கடலையில் இருக்கிறது. சாப்பிடும் மாங்கனீசில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கைத்தான் குடல் உள்ளே விடும். அதிலும் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். வாய் வழியாகப் போவதற்கு இப்படி இரண்டு காவல் இருக்கிறது.

மூச்சு வழிக்கு அந்தக் காவல் இல்லை. வெல்டிங் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சின்னவை. நுரையீரலின் கடைசி அறை வரை போய் ரத்தத்தில் கலந்து, கல்லீரலைத் தொடாமலே மூளையை எட்டுகின்றன. மூக்கின் மேற்பகுதியில் உள்ள மோப்ப நரம்பு வழியாக நேரே மூளைக்குப் போகும் பாதையும் உண்டு என்று விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போய்ச் சேருவது மூளையின் அடியில், உடல் அசைவுகளைச் சீராக்கும் பேசல் கேங்க்லியா என்ற பகுதியில். குறிப்பாகக் குளோபஸ் பாலிடஸ் என்ற சின்ன இடத்தில்.

இதில் இரண்டு பேருக்கு ஆபத்து கூடுதல். ஒருவர் குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர். மாங்கனீசை வெளியேற்றும் ஒரே பெரிய வாசல் அவருக்கு அடைபட்டிருக்கும். மற்றவர் ரத்தசோகை உள்ளவர். இரும்புச்சத்தை உள்ளே இழுக்கும் அதே கடத்திப் புரதம்தான் மாங்கனீசையும் இழுக்கிறது. இரும்பு போதவில்லை என்றால் உடம்பு அந்தக் கடத்தியைப் பெருக்கும், அதோடு மாங்கனீசும் கூடுதலாக ஏறும். வருடம் ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்கள், குறைந்திருந்தால் மருத்துவர் சொன்னபடி மாத்திரை எடுங்கள். புகைக்கு மருந்தாகப் பட்டறைகளில் பாலும் வாழைப்பழமும் வெல்லக்கட்டியும் கொடுப்பதைவிட இது உருப்படியான காரியம். பால் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் பால் இரைப்பைக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. 1837-ல் கூப்பர் என்ற மருத்துவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மாங்கனீசுத் தாதுவை அரைத்த தொழிலாளர்களிடம் காலில் பலவீனம், கிசுகிசுப்பான பேச்சு, எச்சில் வடிதல் ஆகியவற்றைப் பார்த்து எழுதி வைத்தார். பின்னால் சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சிரிப்பும் அழுகையும் ஆவேசமுமாக வந்ததை அங்கே மாங்கனீசுப் பைத்தியம் என்றே அழைத்தார்கள். வெல்டர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பாலத்தின் அடித்தூண்களுக்குள், காற்றோட்டம் சரியில்லாத மூடிய இடத்தில் வேலை பார்த்த 43 வெல்டர்களைப் பரிசோதித்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே அவர்கள் வேலை பார்த்தது ஓரிரு வருடம்தான். அதற்குள் ஞாபகம், கவனம், மனநிலை, மோப்ப உணர்வு எல்லாவற்றிலும் குறை தென்பட்டது. திறந்த வெளியில் இருபது வருடம் ஓட்டியவரைவிட, தொட்டிக்குள் இரண்டு வருடம் ஓட்டியவர் மோசமாகலாம். சர்வீஸ் எத்தனை வருடம் என்பதைவிட எங்கே, எப்படி என்பது முக்கியம்.

படி 1: எதை எரிக்கிறீர்கள் என்று பாருங்கள்

புகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ராடிலிருந்தோ கம்பியிலிருந்தோ வருகிறது. வேலை செய்யும் இரும்பிலிருந்து வருவது கொஞ்சம். ஆகவே முதலில் ராடு பெட்டியைப் பாருங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மாங்கனீசு 2061 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், இரும்புக்கு 2800-க்கு மேல் வேண்டும். ராடு முனையில் எரியும் மின்சுடரான ஆர்க்கின் சூட்டில் மாங்கனீசு முந்திக்கொண்டு ஆவியாவதால், ராடில் ஒரு சதவீதமே இருந்தாலும் புகையில் அதன் பங்கு பல மடங்காகிவிடும்.

நம் பக்கத்தில் புழங்குவதை வைத்துச் சொன்னால், ஆர்கான் வெல்டிங்கில் புகை மிகக் குறைவு. சிஓடூ வெல்டிங்கில் சாதாரண கம்பிக்கு நடுத்தரம். 6013, 7018 ராடுகளில் அதைவிட அதிகம். உள்ளே பவுடர் வைத்த ஃபிளக்ஸ் கோர்டு கம்பி இன்னும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது, தேய்ந்த பாகத்தின்மேல் கடினமான மெட்டல் ஏற்றும் ஹார்டுஃபேசிங்.

கிரஷர் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். ஜா பிளேட்டு வார்க்கும் எஃகை 1882-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். அதில் மாங்கனீசு 11 முதல் 14 சதவீதம். தேய்ந்த பல்லுக்கு மேல் மெட்டல் ஏற்றும் மாங்கனீசு ராடும் கிட்டத்தட்ட அதே வகை. கேட் செய்யும்போது பத்து நிமிடம் ஓட்டினால் அரை மணி நேரம் அளவு பார்ப்பதும் கட் பண்ணுவதுமாகப் போகும். ஜா பிளேட்டில் அப்படி இல்லை. ஆள் குந்திக்கொண்டு, பிளேட்டு கால்களுக்கு நடுவே கிடக்க, ராடு மேல் ராடாகக் காலையிலிருந்து மதியம் வரை ஓட்டுவார். புகை நேராக முகத்துக்கு வரும். ஒரே நாளில் ஒருவர் வாங்கும் மாங்கனீசை எடுத்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் இதைவிட மோசமான வேலை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஜே.சி.பி. பக்கெட் பல்லுக்கும் டிராக்டர் கலப்பைக் கொழுவுக்கும் ஹார்டுஃபேசிங் செய்கிறவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாங்கனீசோடு அறுஇணைதிற குரோமியமும் வரும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டை நிலத்தடி நீருக்கு எமன் என்று ஊரே பேசுகிறதே, அதே வகைக் குரோமியம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பெயிண்ட், கிரீஸ், பூச்சு இருந்தால் கிரைண்டரால் ஓர் அங்குலம் சுத்தம் செய்துவிட்டு ராடு வையுங்கள். ராடு டீலரிடம் பாதுகாப்புத் தரவுத்தாள் கேளுங்கள். பெயர் பெற்ற கம்பெனிகள் எல்லாம் வைத்திருக்கின்றன, கேட்பவர்தான் இல்லை.

படி 2: ஆம்பையும் ஆர்க்கையும் குறையுங்கள்

பணம் செலவில்லாத படி இது. கரண்டு ஏற ஏறப் புகை ஏறும், ஆர்க் நீளம் கூடினாலும் ஏறும். 10 கேஜ் ராடுக்குப் பெட்டியில் சுமார் 90 முதல் 130 ஆம்ப் என்று அச்சிட்டிருப்பார்கள். சீக்கிரம் ஓடட்டும் என்று அதற்கு மேலே ஏற்றி வைப்பது வழக்கம். அதனால் தெறிப்பும் புகையும் கூடுதல். சிஓடூ வெல்டிங்கில் வெறும் கார்பன் டை ஆக்சைடைவிட ஆர்கான் கலந்த வாயு புகையைக் குறைக்கும், விலை கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தகட்டு வேலைக்கு 12 கேஜ் போதும் என்றால் 10-ஐ எடுக்காதீர்கள்.

படி 3: தலையைப் புகையிலிருந்து வெளியே எடுங்கள்

ஒரு வெல்டரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சூட்டால் புகை நேரே மேலே எழும்பும். ஆள் கிரில் மேல் கவிழ்ந்திருப்பார். புகைத்தூண் நெஞ்சில் மோதி, கழுத்து வழியாக ஏறி, கையில் பிடித்த ஷீல்டுக்கும் தாடைக்கும் இடையே உள்ள சந்தில் நுழைந்து, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சுழலும். வெளியே இருப்பவனுக்குத் தெரிகிற அந்தச் சுருள், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஹெல்பர் பையன் ஒருவன் ஒரு தடவை, "இன்னாண்ணா, மொத்தப் பொகையும் உனக்குத்தானா?" என்று சிரித்தான். அவன் கேட்டது சரியான கேள்வி.

தலையை ஓர் அடி பக்கவாட்டில் நகர்த்தினால் மூக்குக்கு வரும் புகை வெகுவாகக் குறையும். இதற்கு வேலையின் உயரத்தை மாற்ற வேண்டும். தரையில் போட்டுக் குந்தி ஓட்டுவதை நிறுத்தி, பழைய ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு அடித்து, வேலையை இடுப்புக்கு மேலே தூக்குங்கள். முடிந்தால் லேசாகச் சாய்த்து வையுங்கள். முதுகுவலிக்கும் நல்லது. இரும்பு நகராமல் இருக்கச் சின்னப் புள்ளியாக டேக் வைக்கும்போது ஷீல்டு இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறோமே, அப்போதும் மூச்சு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. கைஷீல்டைவிடத் தலையில் மாட்டும் ஹெல்மெட் முகத்தை நன்றாக மூடும், புகையைக் கொஞ்சம் விலக்கும். வெறும் கறுப்புக் கண்ணாடி எதையும் விலக்காது.

படி 4: காற்றை வேலைக்கு வையுங்கள்

ஃபேன் வைத்திருக்கும் பட்டறைகளில் பாதிக்கு மேல் அதைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள். வேர்க்கிறது என்று முதுகுக்குப் பின்னால் வைப்பார்கள். முதுகில் அடிக்கும் காற்று உடம்பின் இரண்டு பக்கமும் பிரிந்து போகும்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி, புகையை முகத்துக்கே இழுத்து வரும். எதிரே வைத்தாலும் புகை முகத்துக்குத்தான். ஃபேன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், காற்று வேலைக்கும் முகத்துக்கும் நடுவே குறுக்காகப் போக வேண்டும். அந்தக் காற்று போய்ச் சேரும் பக்கத்தில் ஹெல்பர் உட்கார்ந்து, வெல்டிங் மேல் படியும் ஸ்லாக் என்ற கசடைத் தட்டிக்கொண்டிருந்தால் உங்கள் புகையை அவன் குடிப்பான். அவனை எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள்.

சிஓடூ, ஆர்கான் வெல்டிங்கில் ஃபேன் காற்று நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போனால் வாயுத்திரை கலைந்து வெல்டிங் கோட்டில் துளை விழும். அங்கே புகையை உறிஞ்ச வேண்டும். இதில்தான் நிறையப் பேர் பணத்தைத் தண்ணீராக விடுகிறார்கள். விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. உறிஞ்சு குழாயும் அப்படித்தான். குழாய் வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுவை வாயில் இருப்பதில் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆறு அங்குலக் குழாய் என்றால் அதன் வாய் ஆர்க்கிலிருந்து ஆறு முதல் ஒன்பது அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சுவரில் பத்தடி உயரத்தில் சுற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஷெட்டின் பொதுப் புகையைக் குறைக்கும், உங்கள் மூக்குக்கு முன்னால் இருப்பதைத் தொடாது.

சின்னப் பட்டறைக்கு ஒரு சென்ட்ரிஃபியூகல் புளோயர், ஆறு அல்லது எட்டு அங்குல வளையும் குழாய், வாயில் காந்தம் பொருத்திய தகரப் புனல் இருந்தால் போதும். வெல்டிங் தெரிந்தவர் இதை ஒரே நாளில் செய்துகொள்ளலாம். புகை தெருவுக்கோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ போகாமல் கூரைக்கு மேல் போகும்படி விடுங்கள். சரியாக இழுக்கிறதா என்று பார்க்க ஊதுவத்தி போதும். ஆர்க் இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள், புகை வளைந்து குழாய்க்குள் போக வேண்டும். ஓனருக்குப் பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால், மாஸ்க் பெட்டிக்கு முன்னால் இதை வாங்கச் சொல்வேன்.

படி 5: மூடிய இடத்துக்குத் தனிச் சட்டம்

தண்ணீர் டேங்கர், பாய்லர் டக்ட், டீசல் டேங்க், தோல் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி. மேலே சொன்ன பாலத்து வெல்டர்கள் மாட்டிக்கொண்டது இப்படிப்பட்ட இடத்தில்தான். உள்ளே போகும் முன் புளோயர் ஓட வேண்டும், வேலை முடிந்து ஆள் வெளியே வரும் வரை நிற்கக்கூடாது. ஒரு வாயில் காற்றை உள்ளே தள்ளி, இன்னொரு வாயில் வெளியே இழுத்தால்தான் காற்று மாறும். ஒரே மேன்ஹோல் உள்ள டேங்கில் உறிஞ்சும் குழாயை ஆர்க்கு வரை கொண்டு போங்கள்.

காற்று மந்தமாக இருக்கிறது என்று கேஸ் கட்டிங் செட்டின் ஆக்சிஜன் ஓஸைத் திறந்து விடும் வழக்கத்தை அறவே விட வேண்டும். ஆக்சிஜன் கூடிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த சட்டை ஒரே பொறியில் பற்றும். ஆர்கான் கசிந்து நிரம்பிய தொட்டியில் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். தோல் கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிமிடங்களில் ஆளைக் கொல்லும். வாயு அளந்து பார்க்காமல், வெளியே ஓர் ஆள் நிற்காமல், இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள். மாங்கனீசு பிறகு வரும் பிரச்சினை.

படி 6: மாஸ்க்

கைக்குட்டையும் ஈரத்துண்டும் கொரோனா காலத்து நீலநிற மாஸ்க்கும் ஒரு மைக்ரான் துகளைத் தடுக்கும் கதவே கிடையாது. வாங்கும் மாஸ்க்கில் ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் எஃப்.எஃப்.பி.2 என்ற வகையும் அச்சிட்டிருக்க வேண்டும். என்-95 என்பதும் ஏறக்குறைய இதே தரம். இதைவிட நல்லது ரப்பர் அரைமாஸ்க், இரண்டு பக்கமும் பி2 அல்லது பி3 ஃபில்டர். முதலில் பணம் கூடும், ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் வருடக் கணக்கில் மலிவாகும். வாசனைக்கும் ரசாயன ஆவிக்கும் போடும் கார்ட்ரிஜ் வேறு, அது மட்டும் இருந்தால் புகைத்துகளைத் தடுக்காது.

போட்டதும் ஃபில்டர்களை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கினால் சரி. விளிம்பில் காற்று வந்தால் பட்டையை இறுக்குங்கள். தாடி இருந்தால் இறுகாது, மூன்று நாள் தாடியும் இதில் சேர்த்தி.

வேலூர்ச் சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்கடியில், ஹெல்மெட்டுக்குள் மாஸ்க்கும் போட்டு எட்டு மணி நேரம் உட்கார் என்று ஏசி ரூமிலிருந்து சொல்வது சுலபம். யாரும் உட்கார மாட்டார்கள், அரை மணியில் மாஸ்க் கழுத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் காற்றோட்டத்தை முன்னால் வைத்தேன். கோடையில் கனமான வேலையை விடியற்காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்குள் முடிப்பது, மதியம் அளவெடுத்து வெட்டும் வேலை மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்ட பட்டறைகள் உண்டு. மாஸ்க் முகத்தில் தங்க அது ஒரு வழி.

படி 7: பட்டறையை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்

சாப்பாட்டு டப்பா வெளியே இருக்கட்டும். கை, முகம், மூக்கு கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். கூட்டும் முன் தண்ணீர் தெளியுங்கள். வேலைச் சட்டையைத் தனியாக ஊறவையுங்கள். வீட்டு முன்னறையே பட்டறையாக இருந்தால் ராடு எரியும் நேரத்தில் குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது, வளரும் மூளைக்கு மாங்கனீசு இன்னும் கெடுதல்.

படி 8: அறிகுறியை வீட்டில் இருப்பவர் பார்க்கட்டும்

முதலில் வருவது கையிலோ காலிலோ இல்லை, மனதில். காரணமில்லாத அசதி, தலைவலி, தூக்கம் கெடுதல், எதிலும் பிடிப்பில்லாமை, சட்டென்று கோபம், மறதி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. இவற்றைச் சம்பந்தப்பட்டவர் சொல்ல மாட்டார், குடும்பத்தார் சொல்வார்கள். "எங்க ஊட்டுக்காரரு முன்ன இப்டி இல்ல சார், சும்மா சும்மா எரிஞ்சு வுழறாரு" என்று ஒரு பெண் சொன்னால் அதைக் குடியின்மேலோ கடன்மேலோ தூக்கிப் போட்டுவிடுவது நம் வழக்கம். கடனாகவும் இருக்கலாம். வெல்டர் என்றால் புகையையும் ஒரு காரணமாக வைத்துப் பாருங்கள்.

அடுத்த கட்டத்தில் பேச்சு மெதுவாகி ஒரே சுரத்தில் போகும். முகத்தில் உணர்ச்சி குறையும். கையெழுத்துச் சிறுத்துப் போகும். சட்டைப் பொத்தான் போட நேரம் எடுக்கும். பின்னோக்கி நடக்கச் சொன்னால் தடுமாறுவார், பின்பக்கமாக விழுவார். முற்றிய நிலையில் குதிகால் தரையில் படாமல், முன்பாதத்தில் ஊன்றி, முழங்கையை மடக்கிக்கொண்டு நடப்பார். மருத்துவ நூல்களில் இதற்குச் சேவல் நடை என்றே பெயர்.

வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவும்போதே, நான்கு விஷயம் செய்யலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு அதே இரண்டு வரியை எழுதிப் போன வருடத்து எழுத்தோடு ஒப்பிடுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டிப் பாருங்கள், தட்டல் சீக்கிரம் சுருங்குகிறதா என்று கவனியுங்கள். உள்ளங்கையை மேலும் கீழுமாக வேகமாகத் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு பத்தடி பின்னோக்கி நடங்கள். இதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், அதற்குத்தான்.

படி 9: மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்

நரம்பியல் மருத்துவருக்கு வேலூர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை. 1949-ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது இங்கே சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும், கேட்கும் வரை காத்திருக்காமல் தொழிலை நீங்களே சொல்லுங்கள். சீட்டில் கூலி என்று எழுதிவிட்டால் மாங்கனீசு யார் நினைவுக்கும் வராது. எத்தனை வருடமாக வெல்டிங், என்ன ராடு, மூடிய இடத்தில் எவ்வளவு நாள், குடிப்பழக்கம் உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். மாத்திரை விவரம் ரொம்ப முக்கியம். சின்னரிசின் போன்ற தலைச்சுற்றல் மாத்திரைகளும் வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் சில மனநல மருந்துகளும் நாள்பட எடுத்தால் இதே போன்ற விறைப்பையும் மந்தத்தையும் உண்டாக்கும்.

ரத்தத்தில் மாங்கனீசு பார்க்கலாம், பெரும்பாலும் லிட்டருக்கு 4 முதல் 15 மைக்ரோகிராம் வரை இயல்பு. ஆனால் அது அண்மையில் உள்ளே போனதைத்தான் காட்டும். வேலையை விட்டுப் பல மாதம் ஆனவருக்கு ரத்தம் சரியாக இருந்தும் மூளையில் பாதிப்பு இருக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் டி1 வகைப் படத்தில் குளோபஸ் பாலிடஸ் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் மாங்கனீசு படிந்திருக்கிறது என்று பொருள். அந்த வெண்மையும் வேலையை நிறுத்தி ஆறு மாதம், ஒரு வருடத்தில் மங்கிவிடும், அறிகுறி மங்காமல் நிற்கலாம். ஆகவே எடுப்பதென்றால் சீக்கிரம் எடுக்க வேண்டும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் அதே வெண்மை வரும் என்பதால் கல்லீரல் பரிசோதனையும் சேர்ந்தே நடக்கட்டும்.

பார்க்கின்சன் நோயா, மாங்கனீசு நோயா என்று பிரிப்பது மருத்துவர் வேலை. பொதுவாக மாங்கனீசில் ஓய்வு நேர நடுக்கம் குறைவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதிக்கும், பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரைக்குப் பெரிதாக அசைந்து கொடுக்காது. வெல்டிங்கால் அசல் பார்க்கின்சன் நோயே வருமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அமெரிக்காவில் வெல்டிங் புகையில் வேலை பார்த்த 886 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வந்த ஆய்வு, மாங்கனீசு அளவு ஏற ஏறப் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளும் ஏறின என்று காட்டியது.

சிகிச்சையில் முதல் மருந்து புகையை விட்டு விலகுவது. ஈ.டி.டி.ஏ. ஊசி சிறுநீரில் மாங்கனீசை வெளியேற்றும், ஆனால் ஆள் தேறுவது எல்லோருக்கும் நடப்பதில்லை. உடம்பிலிருந்து உலோகத்தை முழுதாக எடுத்துவிடுகிறேன் என்று பேக்கேஜ் போட்டுப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆரம்பத்தில் விலகியவர்கள் தேறுகிறார்கள். நடை மாறிய பிறகு விலகியவர்களில் சிலருக்கு, வேலையை விட்ட பின்பும் நோய் வளர்ந்துகொண்டே போகும்.

படி 10: அளவும் சட்டமும்

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மாங்கனீசுப் புகைக்கு எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மி.கி. வரை அனுமதித்தது. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு 2013-ல் நுரையீரல் வரை போகும் துகளுக்கு 0.02 மி.கி. என்று பரிந்துரைத்தது, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. காற்றில் மொத்தப் புகை 2 மி.கி. இருந்து, அதில் 5 சதவீதம் மாங்கனீசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 மி.கி. ஆகிறது. அந்த 1948 சட்டக் கணக்கில் பாஸ், அந்தப் பரிந்துரைக்கு ஐந்து மடங்கு. எல்லைக்குள் இருக்கிறது என்று யாராவது ரிப்போர்ட் காட்டினால் எந்த எல்லை என்று கேளுங்கள். அளப்பதற்கு வெல்டரின் காலரில் ஃபில்டர் மாட்டி, இடுப்பில் சின்ன பம்ப் கட்டி, ஷிஃப்ட் முழுக்க ஓட்ட வேண்டும். ஷெட் நடுவே ஒரு கருவியை வைத்து அளந்தது செல்லாது. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இத்தகைய ஆய்வுகளைச் செய்கிறது.

மாங்கனீசு நச்சு 1948 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. சிகிச்சை தரும் மருத்துவருக்கும் தெரிவிக்கும் கடமை உண்டு. 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இப்படியொரு பட்டியல் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. பொருந்தும், தொழில்சார் நோய்ப் பட்டியலில் மாங்கனீசு அங்கேயும் உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் முன்பு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட வழியில் கேட்டார்கள், 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் வழியில் கேட்கலாம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு காண்டிராக்டர் என்று மாறுகிறவர்களை இங்கேதான் மடக்குவார்கள். வருகைப் பதிவின் போட்டோ, கேட் பாஸ், வாரக்கூலி ஜிபே-யில் வந்த பதிவு, காண்டிராக்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். கூலியைக் கையில் வாங்குகிறவர்கள் ஒரு நோட்டில் தேதி, இடம், செய்த வேலை, ராடு வகை எழுதி, மாதம் ஒரு தடவை மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.